வழுவமைதி: கெர்னல்களும் பழைய நிரல்களும்

கணினியைப் பற்றித் தமிழில் எழுத முற்பட்டவர்கள் ஆங்கிலத்தின் 'பக்' என்னும் சொல்லுக்கு ஈடாக 'வழு' என்பதைக் கொண்டார்கள். நல்ல தேர்வுதான். இலக்கணம் படித்தவர்களுக்கு அதனருகிலேயே இருக்கும் இன்னொரு சொல்லும் நினைவுக்கு வரும்: வழுவமைதி. பிழைதான், ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்ட காரணத்தால் அமைத்துக்கொள்ளப்பட்ட பிழை. உள்ளறையிலிருந்து 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல் கொடுப்பவர் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். அந்த இறந்தகாலத்தை நாம் திருத்தப் போவதில்லை. இலக்கண ஆசிரியரும் திருத்தவில்லை; கால வழுவமைதி என்று பெயரிட்டு ஓர் இடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இயங்குதளங்களின் அறுபதாண்டு வரலாற்றில் ஒரு பெரும்பகுதி இத்தகைய வழுவமைதிகளின் வரலாறே என்று நாம் கருதுகிறோம். துறைசார்ந்தவர்கள் அதை இருமநிலை இணக்கம் என்பார்கள். முன்பொரு காலத்தில் எழுதித் தொகுக்கப்பட்ட ஒரு நிரல், அதில் ஒரு பிட்டைக்கூட மாற்றாமல், இன்று வெளிவரும் இயங்குதளத்தின் மீதும் அப்படியே ஓட வேண்டும் என்பது அதன் சாரம். சொல்வதற்கு எளிய இந்த ஒற்றை வாக்கியத்தைக் காப்பதற்காகச் செலவிடப்பட்ட உழைப்பும், அதைக் காக்க மறுத்ததால் இழக்கப்பட்டவையும் இலக்கிய வாசகர்களுக்கும் அக்கறை தரத்தக்கவை. பிரதி, பாடபேதம், வாசகன் என்று நாம் வேறோரிடத்தில் பேசிக்கொண்டிருக்கும் சங்கதிகள் இங்கே வேறு உருவில் வருகின்றன.

முதலில் சில அடிப்படைகள். நிரலர் எழுதுவது மூலநிரல். அது மனிதர் படிக்கத்தக்க மொழியில் இருக்கும். கம்பைலர் அதைச் செயலி புரிந்துகொள்ளும் எண்களின் வரிசையாக மாற்றித் தருகிறது. இதுவே இருமக் கோப்பு. பயனர் கைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். மூலநிரல் கையிலிருந்தால் சூழல் மாறும்போது திருத்தி மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம். ஆனால் நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம், எழுதியவர் மறைந்திருக்கலாம், மூலநிரல் இருந்த நாடா பூஞ்சை பிடித்துப் போயிருக்கலாம். அப்போது எஞ்சுவது எண்கள் மட்டுமே. சுவடியைப் போல அதையும் பிரதியெடுத்துக்கொண்டே போகலாம், அதில் சிரமமில்லை. அதை அன்று வாசித்தபடியே வாசிக்கக்கூடிய ஒரு கெர்னல் இன்றும் இருக்கிறதா என்பதே கேள்வி.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. வன்தட்டு, நினைவகம், திரை ஆகிய எதையும் பயனர் நிரல் நேரடியாகத் தொட முடியாது. கெர்னலைக் கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்கும் முறைக்குச் சிஸ்டம் கால் என்று பெயர். நாம் 'அழைப்பு' என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எண் உண்டு. நிரல் அந்த எண்ணைச் செயலியின் குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுகிறது, அவ்வளவே. இருமக் கோப்பில் பெயர்கள் மறைந்துவிடுகின்றன, எண்கள்தாம் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எண் மாறினால் எல்லாம் போயிற்று.

1971-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸின் முதல் பதிப்புக்குக் கையேடு எழுதியபோது 1 என்றால் நிரலை முடித்துக்கொள், 2 என்றால் இரண்டாகக் கிளை, 3 படி, 4 எழுது, 5 திற, 6 மூடு என்று அமைந்திருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து ஹெல்ஸிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இன்டெல் 386 செயலிக்காக எழுதிய லினக்ஸிலும் 1 முடித்துக்கொள், 2 கிளை, 3 படி, 4 எழுது, 5 திற, 6 மூடு. யூனிக்ஸின் ஒரு வரிகூட லினக்ஸில் இல்லை, யந்திரமும் முற்றிலும் வேறு, இருந்தும் எண்கள் அவையே. 8-ஆம் எண் கோப்பை உருவாக்குவதற்கானது. அதன் ஆங்கிலப் பெயரில் இறுதியிலிருக்க வேண்டிய 'ஈ' எழுத்து விடுபட்டுள்ளது. யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்று தாம்ஸன் சொன்னதாக ஒரு பிரசித்தி பெற்ற நகைச்சுவை உண்டு. நகைச்சுவையாகவே நின்றுவிட்டது, ஏனெனில் சேர்க்க முடியவில்லை.

ஆனால் அதே யூனிக்ஸ் தொடக்க நாட்களில் எவ்வளவு தாராளமாகத் தன்னை உடைத்துக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் பதிப்பில் நேரம் விநாடியின் அறுபதில் ஒரு பங்காக எண்ணப்பட்டது. 32 பிட்டுக்குள் அது இரண்டரை ஆண்டுகூடத் தாங்காது. தாங்கவில்லை, தொடக்க நாளை நகர்த்திப் பார்த்தார்கள், பிறகு எண்ணும் அலகையே முழு விநாடியாக மாற்றிவிட்டார்கள். யாரும் முறையிடவில்லை. பயன்படுத்தியவர்கள் எல்லோரும் கூப்பிடு தொலைவில் இருந்தார்கள்; மூலநிரலும் அவர்களிடமே இருந்தது. வாசகர்கள் ஒரே தாழ்வாரத்தில் இருக்கும்வரை பிரதியை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம் போலும்.

வாசகர்கள் ஆயிரக்கணக்கில் பரவிவிட்ட பின் என்ன ஆகும் என்பதை யூனிக்ஸுக்கு முன்பே ஐபிஎம் அறிந்திருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் விற்ற கணினி வரிசைகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. 1401-இல் ஓடும் நிரல் 7090-இல் ஓடாது. தொழில் பெருகிப் பெரிய யந்திரத்துக்கு மாற விரும்பும் வாடிக்கையாளர் தம் நிரல்களையெல்லாம் புதிதாக எழுதியாக வேண்டும். எழுதத்தான் வேண்டுமென்றால் போட்டி நிறுவனத்தின் யந்திரத்துக்கே எழுதலாமே? 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் இந்த இடத்தைச் சரியாகப் பார்த்து அடித்தது. அது அறிவித்த ஹனிவெல் 200, ஐபிஎம் 1401-இன் நிரல்களை மாற்றித் தரும் ஒரு மென்பொருளோடு வந்தது. அந்த மென்பொருளுக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'விடுதலையளிப்போன்'.

நான்கு மாதங்களில், 1964 ஏப்ரல் 7 அன்று, ஐபிஎம் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது. ஜீன் ஆம்டால், ஃபிரெட் புரூக்ஸ், கெரிட் பிளாவ் ஆகியோர் வகுத்த அந்த வடிவமைப்பில் ஒரு புதிய எண்ணம் இருந்தது: கணினி என்பது ஒரு குறிப்பிட்ட யந்திரமன்று, அது ஓர் ஒப்பந்தம். உள்ளே கம்பியும் சுற்றும் எப்படி இருந்தாலும் சரி, ஒப்பந்தத்தில் சொன்ன கட்டளைகளைச் சொன்னபடி நிறைவேற்றினால் அது 360 தான். மிகச் சிறிய யந்திரத்தில் ஓடும் நிரல் மிகப் பெரியதிலும் ஓடும். இதற்காக ஐபிஎம் செலவிட்டது 500 கோடி டாலர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. பழைய 1401 வாடிக்கையாளர்களையும் விடவில்லை. சிறிய 360 யந்திரங்களுக்குள்ளேயே 1401 போல நடிக்கும் நுண்நிரல் வைக்கப்பட்டது. இணக்கம் என்ற இலட்சியம் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற அச்சத்தில் பிறந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பல நல்ல காரியங்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

360-இன் வழுவமைதி ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் நினைவக முகவரி 24 பிட் நீளம், ஆனால் முகவரியை வைக்கும் பெட்டி 32 பிட். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் பைட்டுக்கு மேல் எந்தக் கணினிக்கு நினைவகம் வேண்டியிருக்கும் என்று அன்று தோன்றியது இயல்பே. சில ஆயிரம் பைட்டுகளோடு யந்திரங்கள் விற்ற காலம் அது. மீதி 8 பிட்டுகள் வெறுமனே கிடந்தன. ஒரு நிரலர் வெற்றிடத்தைக் கண்டால் என்ன செய்வார் என்பது தெரிந்ததே. அந்த 8 பிட்டுகளில் குறிப்புகளை எழுதி வைத்தார்கள். இயங்குதளமே அதைச் செய்தது: ஒரு துணைநிரலுக்கு அனுப்பும் முகவரிப் பட்டியலில் கடைசி முகவரி இதுதான் என்று காட்ட, அதன் முதல் பிட்டை 1 ஆக்குவது வழக்கமாயிற்று. 1980-களில் நினைவகம் மலிந்து, முகவரியை 32 பிட்டாக நீட்ட வேண்டிய கட்டம் வந்தபோது ஐபிஎம்மால் முழு நீளத்துக்கு நீட்ட முடியவில்லை. 31 பிட்டோடு நிறுத்திக்கொண்டது. உலகமெங்கும் 32 பிட் கணினிகள் இருக்க, ஐபிஎம் பெருங்கணினிகள் மட்டும் 31 பிட் கணினிகளாக இருந்ததற்கு இந்த வழக்கத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. பழைய 24 பிட் நிரல்களுக்காக நினைவகத்தின் முதல் பகுதியை ஒரு கோடு போட்டுத் தனியாகவும் ஒதுக்கினார்கள். அந்தத் துறையில் 'கோட்டுக்குக் கீழே' என்ற பேச்சு இன்றும் உண்டு. 2000-இல் 64 பிட் வந்த பிறகும் கோடு அழியவில்லை. 1960-களில் தொகுக்கப்பட்ட சாதாரணப் பயனர் நிரல் அங்கே இன்றும் ஓடக்கூடியது.

மைக்ரோசாஃப்டின் வழி இன்னும் விசித்திரமானது. விண்டோஸ் 95-ஐ உருவாக்கும்போது, பழைய விண்டோஸில் ஒழுங்காக ஓடிய சிம்சிட்டி என்னும் விளையாட்டு புதியதில் விழுந்துகொண்டிருந்தது. ஆராய்ந்தால், விளையாட்டு தான் விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தது. காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்ட வீட்டுக்குள் மறுநாள் போய்ச் சோறு தேடுவது போல. பழைய விண்டோஸில் அந்த வீட்டுக்கு வேறு யாரும் உடனே குடிவரவில்லை என்பதால் பிழைத்துக்கொண்டது. குற்றம் விளையாட்டினுடையது, ஐயமே இல்லை. ஜோயல் ஸ்போல்ஸ்கி பதிவுசெய்திருக்கும் செய்தியின்படி, மைக்ரோசாஃப்ட்காரர்கள் செய்தது இது: ஓடுவது சிம்சிட்டியா என்று பார், ஆமென்றால் விடுவித்த நினைவகத்தை உடனே வேறொருவருக்குக் கொடுக்காதே என்று இயங்குதளத்துக்குள் எழுதி வைத்தார்கள். வாடிக்கையாளர் பக்கமிருந்து பார்த்தால் நியாயம் புரியும். விண்டோஸ் 95 வாங்கிய அன்று விளையாட்டு நின்றுபோனால் அவர் யாரைத் திட்டுவார்?

இனி லினக்ஸ். வணிக அச்சம் அங்கே அவ்வளவாக இல்லை, இருந்தும் எல்லோரையும்விடக் கடுமையான விதி அங்கேதான் வகுக்கப்பட்டது. கெர்னலின் உள்ளே எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே எழுதப்படும் சாதன இயக்கிகளுக்கு எந்த உறுதியும் கிடையாது. வெளியே, பயனர் நிரலின் பக்கம், எதையும் உடைக்கக் கூடாது.

2012 டிசம்பரில் இந்த விதியின் இரண்டு முகங்களும் ஒரே மாதத்தில் தெரிந்தன. மாத நடுவில் இன்டெல் 386 செயலிக்கான ஆதரவு லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. லினக்ஸ் பிறந்ததே அந்தச் செயலிக்காகத்தான். டோர்வால்ட்ஸ் தம் முதல் வரிகளை எழுதிய 386 யந்திரத்தில் இனிப் புதிய கெர்னல் ஓடாது. அவர் சிறிதும் வருந்தியதாகத் தெரியவில்லை. அடுத்த சில நாட்களில், டிசம்பர் 23 அன்று, ஊடகப் பகுதியின் பொறுப்பாளர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் வேறு மாதிரி. ஓர் அழைப்பு தோல்வியுறும்போது கெர்னல் திருப்பித் தரும் பிழை எண் மாற்றப்பட்டிருந்தது. அதனால் பல்ஸ்ஆடியோ என்ற ஒலிநிரல் தடுமாறியது. நிரல்தான் சரியாக எழுதப்படவில்லை என்று பொறுப்பாளர் சொல்ல, டோர்வால்ட்ஸ் வெடித்தார். பயனர் நிரலை உடைக்கும் மாற்றம் எதுவாயினும் அது கெர்னலின் வழு, நிரலின் மீது பழி போடும் பேச்சுக்கே இடமில்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அதை அவர் பெரிய எழுத்துகளில், வசைகளோடு எழுதினார். வசைகளை நாம் போற்றுவதற்கில்லை. அவரே 2018-இல் தம் நடத்தைக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டுச் சிலகாலம் விலகியிருந்தார். விதி அப்படியே இருக்கிறது.

யந்திரத்தை விட்டுவிடலாம், நிரலை விடக் கூடாது. 386-க்காகத் தொகுக்கப்பட்ட நிரல், 386-ஐக் கைவிட்ட கெர்னலின் மீது, 64 பிட் செயலியில் இன்றும் ஓட முடியும். 64 பிட் நிரல்களுக்கு அழைப்பு எண்கள் புதிதாக வரிசைப்படுத்தப்பட்டன. அங்கே 'படி' 0, 'எழுது' 1. பழைய நிரல்களுக்கான பழைய பட்டியலும் பக்கத்திலேயே இருக்கிறது, 1971-இன் எண்களோடு.

இந்த விதியில் எங்களை மிகவும் ஈர்ப்பது அதன் வரையறை. உடைவு என்றால் என்ன? ஆவணத்தில் சொல்லாத ஒன்றை மாற்றினால் அது உடைவாகுமா? டோர்வால்ட்ஸின் பதில் ஆவணத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. மாற்றத்தை எந்தப் பயனரும் உணரவில்லையென்றால் எதுவும் உடையவில்லை. ஒருவருடைய வேலை நின்றுபோனால் உடைந்துவிட்டது. இலக்கணத்துக்கு வழக்குதான் ஆதாரம் என்ற நம் பழைய கொள்கையை இதைவிட முழுமையாகக் கடைப்பிடித்தவர்களை நாம் கண்டதில்லை. இங்கே கெர்னலை எழுதுபவருக்குத் தாம் என்ன உறுதியளித்திருக்கிறோம் என்பது முன்கூட்டித் தெரியாது. யாரோ ஒருவர் அதைச் சார்ந்து ஒரு நிரலை எழுதிய பின்பே அது உறுதியாகிறது.

2011-இல் நடந்தது இதற்கு உதாரணம். லினக்ஸில் நெடுங்காலம் 'பெரிய கெர்னல் பூட்டு' என்ற ஒன்று இருந்தது. பல செயலிகள் ஒரே சமயத்தில் கெர்னலுக்குள் நுழைந்து குழப்பம் விளைவிக்காதிருக்கப் போடப்பட்ட ஒற்றைப் பூட்டு. பல ஆண்டு உழைப்புக்குப் பின் அது அகற்றப்பட்டது. கெர்னலுக்குள் நடப்பவற்றைப் பதிவுசெய்யும் வசதியில், ஒவ்வொரு பதிவிலும் அந்தப் பூட்டின் ஆழத்தைக் குறிக்கும் நான்கு பைட் கட்டம் ஒன்று உண்டு. பூட்டே இல்லாதபோது கட்டம் எதற்கு என்று அதையும் எடுத்தார்கள். உடனே பவர்டாப் உடைந்தது. மடிக்கணினியில் எது மின்சாரத்தைத் தின்கிறது என்று காட்டும் நிரல் அது. ஒவ்வொரு பதிவிலும் எந்தத் தகவல் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று கெர்னலிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. பவர்டாப் கேட்கவில்லை, இடங்களை மனப்பாடமாக வைத்திருந்தது. கேட்காதது அதன் பிழை. ஆனால் திருத்திக்கொண்டது கெர்னல்தான்: எதையும் குறிக்காத நான்கு வெற்றுப் பைட்டுகளை ஒவ்வொரு பதிவிலும் மீண்டும் வைத்தார்கள். முறையாகக் கேட்டறியும் புதிய பவர்டாப் பரவிய பிறகே அந்த வெற்றிடம் அகன்றது. இறந்துபோன ஒருவருக்குப் பந்தியில் இலை போட்டுக்கொண்டே இருந்ததைப் போல.

அதே ஆண்டு ஜூலையில் லினக்ஸ் 2.6 வரிசை முடிந்து 3.0 வெளிவந்தது. பெயரைத் தவிரப் பெரிய மாற்றம் ஏதுமில்லை. ஆனால் கெர்னலின் பதிப்பு எண் எப்போதும் '2.6' என்றே தொடங்கும் என்று நம்பியிருந்த நிரல்கள் சில இருந்தன. அவற்றுக்காகக் கெர்னலில் ஒரு சிறு பொய் சேர்க்கப்பட்டது. கேட்டுக்கொண்டால் 3.0 தன்னை 2.6.40 என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் 95-ம் பழைய 16 பிட் நிரல்களிடம் தன் பதிப்பு எண்ணை 3.95 என்றே சொல்லியது, 4.0 என்று உண்மையைச் சொன்னால் ஒப்பிடத் தெரியாத நிரல்கள் குழம்பின.

திருத்த முடியாமல் நிலைத்துவிட்ட பிழை நம் எழுத்துக்கும் நேர்ந்திருக்கிறது என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்லிவிடலாம். யூனிகோடில் ஆய்த எழுத்தின் அதிகாரபூர்வப் பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி'. ஆய்தம் விசர்க்கம் அன்று என்பதைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் ஒருமுறை கொடுத்த எழுத்துப் பெயரை ஒருபோதும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. அப்பெயரை எண்ணி எந்த நிரல் எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ, யார் கண்டது? பக்கத்தில் 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டிருக்கிறார்கள். வழுவமைதி.

இந்தப் பிடிவாதத்துக்கு விலை உண்டு. யாரும் பயன்படுத்தாத பழைய பாதைகளைத் திறந்தே வைத்திருந்தால் அவற்றின் வழியே வேண்டாதவர்களும் வரலாம். லினக்ஸின் தொடக்க காலத்தில் நிரல்கள் ஏ.அவுட் என்ற வடிவத்தில் இருந்தன. 1990-களின் நடுவில் எல்ஃப் என்ற வடிவம் அந்த இடத்தைப் பிடித்தது. பழைய வகை நூலகங்களை ஏற்றுவதற்கென்று இருந்த அழைப்பொன்றில் 2005 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது; சாதாரணப் பயனர் அதன்வழி முழு அதிகாரத்தையும் கைப்பற்றக்கூடும். அநேகமாக எவருக்கும் தேவைப்படாத கதவு அது. ஏ.அவுட்டுக்கான ஆதரவு அதன் பிறகும் நெடுநாள் இருந்து, 2022-இல்தான் எடுக்கப்பட்டது. அப்போதும்கூட, கெர்னலின் துணையின்றிப் பயனர் பக்கத்திலிருந்தே ஏ.அவுட் நிரலை ஏற்றி ஓட்ட முடியும் என்று ஒரு சிறு நிரலை எழுதிக் காட்டிய பிறகே எடுத்தார்கள்.

எதிர்த்தரப்பின் சிறந்த வழக்கறிஞர்கள் ஓபன்பிஎஸ்டி குழுவினர். பாதுகாப்பையே உயிராகக் கருதும் அந்தச் சிறு குழு, 2014 மே மாதம் வெளியிட்ட 5.5 பதிப்பில் நேரத்தைக் குறிக்கும் எண்ணை எல்லா யந்திரங்களிலும் 64 பிட்டாக மாற்றியது. முன்பு தொகுக்கப்பட்ட இருமக் கோப்புகள் ஒரே நாளில் செல்லாமற்போயின. எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து மறுபடி தொகுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மூலநிரல் இல்லையே என்பவருக்கு அவர்களிடம் பதில் இல்லை, அப்படிப்பட்டவர்களுக்காக அவர்கள் இயங்குதளம் செய்யவும் இல்லை. நேர்மையான நிலைப்பாடு என்றே நாம் இதைச் சொல்வோம். அவர்களுடைய கெர்னலில் தேவையற்ற கதவுகள் குறைவு.

ஆப்பிளின் நேர்மை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா பதிப்போடு 32 பிட் நிரல்கள் மாக் கணினிகளில் திறக்கவே மறுத்தன. பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும், ஓவிய இசை நிரல்களும், நிறுவனம் மறைந்துபோனதால் ஒருபோதும் 64 பிட்டாக மாறப்போகாத சிறு கருவிகளும் அவற்றில் அடக்கம். ஓபன்பிஎஸ்டி பயனரிடம் மூலநிரல் இருந்தது. மாக் பயனரிடம் இல்லை, அதைத் தரும்படி கேட்கும் உரிமையும் இல்லை. பழைய நிரலில் மட்டும் திறக்கக்கூடிய கோப்பை வைத்திருந்த ஓர் எழுத்தாளரோ இசையமைப்பாளரோ பழைய கணினியைத் தூக்கியெறியாமல் பாதுகாத்தால்தான் உண்டு. சிதைந்த சுவடிக்காவது கரையானைக் குறை சொல்லலாம்.

லினக்ஸும் கொண்டாடுமளவுக்குத் தூயதன்று. கெர்னல் தன் வாக்கைக் காக்கிறது, சரி. ஆனால் நிரல் கெர்னலோடு மட்டும் வாழ்வதில்லை, இடையே நூலகங்கள் இருக்கின்றன, அவற்றை எழுதுபவர்கள் அந்த விதியை ஏற்றவர்கள் அல்லர். 2019 ஜூனில் உபுண்டு தன் அடுத்த பதிப்பில் 32 பிட் நூலகங்களை விட்டுவிடப் போவதாக அறிவித்தது. கெர்னல் தயாராக நிற்க, மேலுள்ள தளமே பெயர்க்கப்படும் நிலை. பழைய விளையாட்டுகளை நம்பியிருந்தவர்கள் கிளர்ந்தெழ, ஒரே வாரத்தில் பின்வாங்கினார்கள். 2022-இல் குனூ சி நூலகத்தின் புதிய பதிப்பு பழைய அட்டவணை ஒன்றைக் கைவிட்டபோது விளையாட்டுகள் சில ஓடாமல் நின்றன. அந்நாட்களில் லினக்ஸ் வட்டாரத்தில் ஒரு கசப்பான கேலி உலவியது: லினக்ஸில் பல்லாண்டு ஓடவேண்டிய நிரலை எழுத வேண்டுமென்றால் விண்டோஸுக்காக எழுது. 1993-இல் தொடங்கிய வைன் என்னும் திட்டம் விண்டோஸ் நிரல்களை லினக்ஸின் மீது ஓட்டுகிறது. பழைய விண்டோஸ் நிரலுக்கு அங்கே பழைய லினக்ஸ் நிரலைவிட ஆயுள் கெட்டி என்பதே கேலியின் உள்ளுறை. 2021-இல் லினக்ஸ் கெர்னலே, விண்டோஸ் முறைப்படி கதவைத் தட்டும் நிரலை வைன் இடைமறித்துக்கொள்ள உதவும் வசதியொன்றைச் சேர்த்துக்கொண்டது. எதிர்ப்பக்கத்திலும் இதுவே நடந்தது. 2016-இல் மைக்ரோசாஃப்ட், லினக்ஸ் அழைப்பு எண்களுக்கு விண்டோஸ் கெர்னலே பதிலளிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அந்த எண்கள் மாறமாட்டா என்று போட்டியாளரே நம்பினார்.

எல்லா வாக்குறுதிகளும் ஓரிடத்தில் போய் முட்டுகின்றன. யூனிக்ஸ் மரபில் நேரம் என்பது 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கை. 32 பிட் நிரல்களில் அது 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சத்தோடு நிரம்பிவிடும். அந்தக் கணம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை; இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. ஓபன்பிஎஸ்டி உடைத்துக்கொண்டு தப்பித்ததை லினக்ஸ் உடைக்காமல் செய்ய முயன்றது. ஆர்ன்ட் பெர்க்மன் முதலியோர் பல ஆண்டு உழைத்து, 32 பிட் யந்திரங்களுக்கும் 64 பிட் நேரம் தரும் புதிய அழைப்புகளைச் சேர்த்தார்கள். 2019-இல் அவற்றுக்கு 403 முதலான எண்கள் கிடைத்தன. 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்போடு கெர்னல் பக்கத்துப் பணி ஏறக்குறைய நிறைவுற்றது. புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்கள் பிழைத்துக்கொள்ளும்.

பழையவற்றுக்காக நேரம் கேட்கும் பழைய அழைப்பு தன் இடத்திலேயே இருக்கிறது. அதன் எண் 13. 1971-இலும் அது 13 தான். அந்தக் காலை 8 மணி 44 நிமிடம் 8-ஆவது விநாடியில் 1990-களின் நிரலொன்று அந்தக் கதவைத் தட்டுமானால், கெர்னல் ஒப்புக்கொண்டபடியே 32 பிட்டுக்குள் பதில் சொல்லும். நிரல் அதை 1901 டிசம்பர் 13 என்று படித்துக்கொள்ளும்.